நிபந்தனை பதினான்கு

விசாரணை பத்து மணிக்கு.
பீட்டர்பரோவுக்குக் கிழக்கே, ஏழாம் நெடுஞ்சாலையில்,
ஒன்பது பத்துக்கு,
எனக்கு முன்னால் போன சாம்பல்நிறக் கார்
விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

இறங்கியவர் ஹாலட்.
சரளைக்கல் கம்பெனியின் வக்கீல்.
கோட்டைக் கழற்றிக் காரின் கூரைமேல் போட்டார்,
நடுச்சாலைக்குப் போய்க் குனிந்தார்.
அவர் கைகளில் எழுந்தது
பழைய ராணுவத் தொப்பி மாதிரி ஓர் ஓடு.
அதன்கீழே
மஞ்சள் பூசிக் குளித்து வந்த ஒரு கழுத்து.

மூன்று வருஷமாக நான் தாள்களில் தேடியது.
அவர், நிபுணரைக் கொண்டு,
'இந்நிலத்தில் இல்லை' என்று எழுதி வாங்கியது.

எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ
அந்தப் பக்கமே கொண்டுபோய் விட்டார்.
வந்த பக்கம் விட்டால் மறுபடி ஏறும்:
தெரிந்திருக்கிறது அவருக்கு.
போகிற போக்கில் அது
அவர் சட்டையில் மூத்திரம் பெய்தது.
நான் காரை விட்டு இறங்கவில்லை.
திரும்பி என்னைப் பார்த்தார்.
வணக்கம் என்று சொல்லிவிட முடியாத
எதற்கோ தலையசைத்தார்.

ஐஸ் ஹாக்கி அரங்கின் மேல்மாடி.
கீழே யாரோ உருளைக்கிழங்கு பொரிக்கிறார்கள்.
ஏரிக்கரைச் சங்கத்தார் பதினோரு பேர்,
என் கட்டணத்தில் பாதியை
மேப்பிள் பாகாகவே தீர்த்தவர்கள்,
முன்வரிசையில்.
ஹாலட் எழுந்தார். கோட்டில் எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தது.
ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டார்:
"விண்ணப்ப நிலத்துக்குள் நேரில் கண்டதாக
இந்தப் பதிவேட்டில் சாட்சியம் இல்லை."

பொய் என்று சொல்ல முடியாது.
நெடுஞ்சாலை விண்ணப்ப நிலம் அல்ல.
வழக்காடுகிறவர் சாட்சி சொல்லலாகாது.
கண்டவர் இரண்டு பேர்.
இரண்டு பேரும் வக்கீல்.

நிபுணரை எழுப்பிக் கேட்டேன்:
எப்போது போய்ப் பார்த்தீர்கள்?
"அக்டோபர் கடைசியில்."
அக்டோபர் கடைசியில் ஆமை எங்கே இருக்கும்?
"சேற்றுக்கு அடியில்."
பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.
தலைவர் குறித்துக்கொண்டார்.
அவ்வளவுதான். அதற்குமேல்
என்னிடம் வேறு ஆயுதம் இல்லை.

அன்றிரவு பிராம்ப்டனிலிருந்து
பேச்சிமுத்து அத்தான் போன்.
வீட்டுத் தரகர்.
"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்
உருப்படாதும்பாங்க.
நீ ரெண்டையும் சேர்த்துக் கூட்டிட்டு அலையுறியே!"
அவர் விற்கிற வீடுகளின் அடித்தளத்துக்கு
இந்தச் சரளைதான் போகிறது.
இங்கே புகுந்தது வீடு, அத்தான்
என்று சொல்ல வந்தேன்.
அதற்குள் அக்கா வாங்கிப்
பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆகஸ்டில் தீர்ப்பு. நாற்பத்தொரு பக்கம்.
தோற்றோம்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில்
நிபந்தனை பதினான்கு:
சாலையோரம் தொள்ளாயிரம் மீட்டர் வேலி,
சாலைக்கடியில் ஒரு குழாய்,
முட்டையிடும் மாதங்களில் லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாடு.
மூன்று வருஷம், நான்கு வரி.
ஐந்தாவது வரியை இரண்டு தடவை படித்தேன்:
'விண்ணப்பதாரர் இதை எதிர்க்கவில்லை.'

அடுத்த ஜூனில் போனேன்.
கறுப்பு வேலி, முழங்கால் உயரம்.
அதை ஒட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது.
குழாயின் வாயில் நின்றது,
கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தது.
கைகட்டி நின்றேன்,
தீர்ப்புக்கு எழுந்து நிற்பதுபோல.

வழக்கு முடிந்துவிட்டது.
இப்போது நான் சாட்சி சொல்லலாம்:
நுழையவில்லை.
திரும்பி, வேலியை ஒட்டியே,
வேலி முடிகிற இடம் வரைக்கும் நடந்தது.
நாற்பது நிமிஷம். நானும் கூடவே.
தொள்ளாயிரம் மீட்டரைத் தாண்டி
ஒரு மீட்டர் போனதும்
சாலைப் பக்கம் திரும்பியது.

மேட்டில் லாரிச் சத்தம்.
எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு
குனிந்தேன்.

நினைத்ததைவிடக் கனம்.
சட்டை நனைந்தது.